லினக்ஸை எடுத்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொள்வது எப்படி?

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை
வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 11. பெண் தமிழ் மீடியத்தில் படித்தாள். கேரளாவில் ஐடி பாடம் லினக்ஸில்தான் என்பதால் பக்கத்திலேயே உபுண்டு என்ற லினக்ஸும் போட்டுக் கொடுத்தேன். இப்போது எஸ்எஸ்எல்சி முடித்துவிட்டாள். 500 ஜிபி டிஸ்கில் உபுண்டுவுக்குப் பிரித்துக் கொடுத்த 120 ஜிபி சும்மா கிடக்கிறது, ஸ்கேன் ஃபைல் வைக்க இடமில்லை. காலையில் கவனிக்காமல் விட்டால் அதுவாக உபுண்டுவுக்குள் போய்விடும். ரேஷன் கார்டு நகலுக்கு வந்தவர்கள் வாசலில் காத்து நிற்பார்கள். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்டில் அந்த பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) டிலீட் செய்தால் போதுமா?

மறையூர்க்காரன்
அண்ணா, அதை மட்டும் முதலில் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன். மறுநாள் கருப்புத் திரையில் "க்ரப்" என்ற எழுத்தும் மினுங்குகிற கர்சரும்தான் வந்தன. எல்லாம் போச்சு என்று சிபியூவைத் துணிப்பையில் வைத்து, சின்னார் வழியாக உடுமலைக்குப் பஸ்ஸில் தூக்கிப்போனேன். அங்கே கடைக்காரர், எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனுவில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதைத் தொட்டார், விண்டோஸ் அப்படியே வந்துவிட்டது.

க்ரப் என்பது ஆன் செய்ததும் உபுண்டுவா விண்டோஸா என்று காட்டும் புரோகிராம். உபுண்டு போடும்போது அது தன்னை பூட் வரிசையில் முதலில் வைத்துக்கொள்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய மெனு ஃபைல்கள் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கின்றன. பார்ட்டிஷன் போனால் எங்கே போவது என்று அதற்குத் தெரியாது. அதனால் முதலில் பயாஸ் என்ற செட்டிங் திரைக்குள் போய் (பல மெஷினில் ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெல் கீ) விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவாருங்கள். ரெண்டு மூணு தடவை அணைத்துப் போட்டு, நேராக விண்டோஸ் வருகிறதா என்று பார்த்த பிறகு டிலீட் செய்யுங்கள். 100 எம்பி அளவில் இஎஃப்ஐ என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். பூட் ஃபைல்கள் இருக்கும் இடம் அது, விண்டோஸுக்கும் வேண்டும், தொடவே கூடாது.

சித்தூர் டீச்சர்
அவர் சொன்ன வரிசை சரி. அதற்கும் முன்னால் ஒன்று: பிள்ளையின் ஃபைல்கள். உபுண்டுவின் ஹோம் ஃபோல்டர் விண்டோஸில் சாதாரணமாகத் தெரியாது, அதனால் காலி என்று நினைத்துவிடுவோம். உபுண்டுவைத் திறந்து, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, வேண்டியதைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாவதுவரை அந்தப் பிள்ளைகள் வரைந்ததும் எழுதியதும் அதில்தான் இருக்கும், போனால் திரும்பாது. டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பூட் வரிசையை மாற்றியதும் கேட்கக்கூடும்.

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை
முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு ரெண்டு பேரும் உட்கார்ந்தோம். டீச்சர் சொன்னது நல்லதாய்ப் போயிற்று, ஒன்பதாவதில் ஜிம்ப் என்ற படம் வரையும் சாஃப்ட்வேரில் அவள் வரைந்த தென்னந்தோப்புப் படம் அதில்தான் இருந்தது. சி டிரைவைப் பெரிதாக்க முடியவில்லை, "எக்ஸ்டெண்ட்" மங்கலாகவே இருந்தது.

மறையூர்க்காரன்
காலி இடம் ஒட்டி வலதுபக்கம் இருந்தால்தான் அது வேலை செய்யும் அண்ணா. டி டிரைவுக்கு அடுத்து இருக்கிறதா பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை ஜெராக்ஸ் கடை
ஆமாம், டி-க்கு அடுத்துத்தான். சேர்த்துவிட்டேன். ஸ்கேன் எல்லாம் இனி அங்கேதான். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.