கிட்டார் செய்வதற்கான மரத்தை எப்படிச் சேமித்து வைப்பது?

கேள்வி:
அடுத்து செய்யவிருக்கும் அக்கூஸ்டிக் கிட்டார்களுக்காக, முகப்புக்கு ஸ்ப்ரூஸ் பலகைகளும், பின்புறத்துக்கும் பக்கங்களுக்கும் ரோஸ்வுட்டும், கழுத்துக்கு மஹோகனிக் கட்டைகளும் வாங்கியிருக்கிறேன். எல்லாமே பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றப்பட்டு வந்துள்ளன. அப்படியே அலமாரியில் வைக்கலாமா, பிரித்துக் காற்றாட விட வேண்டுமா? எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்?

மறுமொழி 1:
முதலில் உறையைப் பிரித்துவிடுங்கள். மரம் முழுதாக உலராமல் வந்திருந்தால் உள்ளே அடைபட்ட ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஸ்ப்ரூஸில் ஆழமாக ஊறிய நீலக்கறை எவ்வளவு இழைத்தாலும் போகாது.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றிடம் ஈரத்தைக் கொடுத்தும் வாங்கியும் ஒரு சமநிலைக்கு வந்து சேர்கிறது. கிட்டார் பட்டறைகளில் பெரும்பாலும் 45 முதல் 50 சதவீதம் வரை ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய முழு ஈரத்தில் இப்போது இருக்கும் பங்கு) பேணப்படுகிறது. சாதாரண அறை வெப்பத்தில் அந்தக் காற்றில் கிடக்கும் மரத்தின் ஈர அளவு ஏறத்தாழ 8 அல்லது 9 சதவீதத்தில் நிற்கும். ஆகவே மரத்தை வைக்கும் அறையும் ஒட்டும் அறையும் ஒன்றாகவே இருப்பது நல்லது. ஈரக் காற்றில் ஒட்டிய முகப்பு வறண்ட காலத்தில் அகலவாக்கில் சுருங்க முயலும்போது, உட்புறக் குறுக்குச் சட்டங்கள் அதை இறுகப் பிடித்திருப்பதால், இழைவழியே வெடித்துவிடும்.

அடுக்கும்போது ஒரே தடிமனுள்ள ரீப்பர் துண்டுகளைப் பலகைகளுக்கிடையே வைத்து, அவை மேலிருந்து கீழ்வரை ஒரே நேரில் அமையும்படி பாருங்கள். நேர் விலகினால் மேலுள்ள பாரமே பலகையை வளைத்துவிடும். சிமெண்ட் தரையின் மீதும் வெயில் படும் இடத்திலும் அடுக்க வேண்டாம். ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த ஜோடிப் பலகைகளைப் பிரிக்காதீர்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் கழுத்துக் கட்டைகள் விடுபட்டுவிட்டன. மரத்தின் வெட்டுமுனைகள் வழியே ஈரம் பக்கங்களைவிடப் பல மடங்கு வேகமாக வெளியேறுவதால், முனை மட்டும் முன்கூட்டியே சுருங்கி வெடிப்பு விடும். இரு முனைகளிலும் உருக்கிய மெழுகோ கெட்டியான பெயிண்டோ பூசிவிடுங்கள்.

ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓர் ஆண்டு என்று பலரும் சொல்லும் கணக்கு, புதிதாக அறுத்த பச்சை மரத்தைக் காற்றில் உலர்த்துவதற்கு உரியது. நான்கு மில்லிமீட்டர் பலகைக்கு அது பொருந்தாது. ஒவ்வொரு துண்டையும் எடைபோட்டு, எடையையும் தேதியையும் அதன் மீதே பென்சிலால் எழுதிவையுங்கள். அறையின் ஈரப்பதம் மாறாதிருக்க, எடையும் சில வாரங்கள் மாறாமல் நின்றால் மரம் தயார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இவ்வளவும் அறைக் காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரப்பதமானியை நம்பியே இருக்கிறதே. அது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மறுமொழி 1:
ஒரு சிறு மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்து, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடிவையுங்கள். உள்ளே ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதமாக இருக்கும். கருவி 79 என்று காட்டினால், இனி அது காட்டுவதிலிருந்து 4 கழித்துப் படியுங்கள்.