பிரஃப் சுப்பீரியர் எஸ்.எஸ். 100: புதிதாகக் கட்டிய நகலைப் 'பிரஃப்' என்று சொல்லலாமா?

கேள்வி: ஹேடன்சாலைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் வசிக்கும் நாட்டிங்ஹாம் நகரில், ஹேடன் சாலையிலிருந்த தொழிற்கூடத்தில்தான் ஜார்ஜ் பிரஃப் தம் 'பிரஃப் சுப்பீரியர்' மோட்டார் சைக்கிள்களைக் கட்டினார். 1919-இல் தொடங்கி 1940-இல் உற்பத்தி நிற்கும்வரை வெளிவந்தவை ஏறத்தாழ 3,000 வண்டிகள்தாம். அசல் வண்டி என்னைப் போன்றோர் கனவிலும் எட்டாதது. பழுதடைந்து கிடந்த நான்கு சிலிண்டர் பிரஃப் ஒன்று 2016 ஏலத்தில் 3,31,900 பவுண்டுக்குப் போயிற்று.

என் நண்பர் ஒருவர், எஞ்சின் உறை முதல் பெட்ரோல் தொட்டி வரை புதிதாகச் செய்து கைவினையாகக் கட்டிய, எஸ்.எஸ். 100 என்ற பிரஃப் வகையின் நகல் ஒன்றை வாங்க எண்ணுகிறார். ஜார்ஜ் பிரஃபே எஞ்சினை ஜே.ஏ.பி. நிறுவனத்திடமும் கியர் பெட்டியை ஸ்டர்மி ஆர்ச்சரிடமும் விலைக்கு வாங்கித்தானே வண்டி கட்டினார்? அப்படியிருக்க, அதே அளவுகளில் இன்று செய்த உதிரிகளால் கட்டியதை மட்டும் போலி என்பது எவ்வகையில் நியாயம்?

பதில் 1: பழம்பொறியன்

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பிரஃபின் வண்டியில் பிரஃப் செய்த பாகம் எது என்று தேடினால் அதிகம் அகப்படாது. அவர் தந்தை வில்லியமும் 'பிரஃப்' என்ற பெயரில் வண்டி செய்தவர். மகன் தன் வண்டிக்குச் 'சுப்பீரியர்' (மேலானது) என்று பெயர் வைத்தபோது, "அப்படியானால் என்னுடையது மட்டமானதோ" என்று தந்தை கேட்டதாகச் சொல்வார்கள். அந்தக் கேள்விக்கு மகன் தந்த பதில் உதிரிகளில் இல்லை, கட்டிய முறையில் இருந்தது. ஒவ்வொரு வண்டியையும் முதலில் முழுக்கக் கோத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பின்பு பிரித்து, வண்ணமும் முலாமும் ஏற்றி, மறுபடியும் கோப்பார்கள். 1924-இல் வந்த எஸ்.எஸ். 100, மணிக்கு 100 மைல் வேகத்தில் ஓடியதாகச் சான்றிதழோடு விற்கப்பட்டது. அந்தச் சான்றிதழுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றார். 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் படை அதிகாரி டி.இ. லாரன்ஸ் ஏழு பிரஃப் வைத்திருந்து, 1935-இல் விபத்தில் இறந்தபோது எட்டாவதற்கும் சொல்லி வைத்திருந்தார் என்றால், அந்த நம்பிக்கை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே நகலைக் கட்டுபவர் இருமுறை கோக்கிறாரா, ஓட்டிப் பார்த்துப் பொறுப்பேற்கிறாரா என்பதை நண்பர் கேட்கட்டும். அவ்வாறு செய்பவரின் வண்டியைப் போலி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 1920களின் வண்டி என்றும் சொல்லவிடமாட்டேன். அசல் வண்டிகளின் எஞ்சின் எண், சட்டக எண் முதலியவை தொழிற்கூடப் பதிவு அட்டைகளில் உள்ளன. உரிமையாளர் சங்கத்திடம் அவற்றைச் சரிபார்க்கலாம். புதிய உறையில் பழைய எண்ணைப் பொறித்திருந்தால், வேலைப்பாடு எவ்வளவு அழகாயினும் அது மோசடியே.

பதில் 2: வார்ப்படக்காரன், கோவை

வார்ப்படத் தொழிலில் இருப்பவன் என்பதால் உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவசரக்காரர்கள் பழைய எஞ்சின் உறையையே பேட்டர்னாக (வார்ப்பு மாதிரியாக) வைத்து மணலில் அச்செடுப்பார்கள். அலுமினியக் கலவை உறைந்து குளிரும்போது நீளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.3 பங்கு சுருங்கும், 200 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 2.6 மி.மீ. குறைந்துவிடும். கடைசல் வேலைக்கு விட வேண்டிய மிகையும் அதில் இராது. அதைச் சரிக்கட்ட ஓட்டைகளை இடம் மாற்றித் துளைப்பார்கள், அங்கிருந்துதான் பற்சக்கர இரைச்சலும் எண்ணெய்க் கசிவும் தொடங்கும். (ஜே.ஏ.பி. எஞ்சினில் வால்வு இயக்கம் வெளியே திறந்திருப்பதால் கொஞ்சம் எண்ணெய் தெறிக்கத்தான் செய்யும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.) சுருக்க அளவைக் கூட்டிப் புதிய பேட்டர்ன் செய்தார்களா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கிராங்க் பின், வால்வு, பேரிங் ஆகியவற்றில் இன்றைய எஃகைப் பயன்படுத்தியிருந்தால் மகிழுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கும் திருத்தம் வண்டியைக் கெடுக்காது. எனக்கு மலைப்பாக இருப்பது பெட்ரோல் தொட்டிதான்: தகட்டைக் கையால் தட்டி வளைத்து, பற்றாசு வைத்து இணைத்து, முலாம் பூச வேண்டும், பளபளப்பு ஏறியபின் ஒரு சிறு பள்ளம்கூட மறையாது.

பதில் 3: முன்கவை

இப்பெயர் இன்று வேறொரு வழியிலும் உயிர்பெற்றிருக்கிறது. 2008-இல் உரிமையை வாங்கிய மார்க் அப்பம், பின்னர் பிரான்சின் துலூஸ் நகர மோட்டார் சைக்கிள் வடிவமைப்பாளர் தியரி ஆன்ரியெட்டோடு சேர்ந்து, 997 சி.சி. எஞ்சின் கொண்ட முற்றிலும் புதிய எஸ்.எஸ். 100-ஐ 2013-இல் காட்சிக்கு வைத்தார். பழையவற்றோடு அதற்குப் பெயரும் தொட்டியின் சாயலும்தாம் உறவு. ஆயினும் பழம்பொறியன் ஐயா சொல்லாத ஒன்று உண்டு: ஜார்ஜ் பிரஃப் தம் பழைய வண்டியை நகலெடுக்கும் மனிதரல்லர், 1938-இலேயே 'கோல்டன் டிரீம்' என்ற நான்கு சிலிண்டர் வண்டியைக் காட்டியவர், போர்தான் அதைத் தடுத்தது. அந்த மனப்போக்குக்குத் துலூஸ் வண்டியே நெருக்கமானது என்பது என் எண்ணம். நம் சென்னை என்ஃபீல்டின் கதை வேறு. அங்கே தயாரிப்பு அறுபடவே இல்லை, மீட்க வேண்டிய தேவையும் எழவில்லை.

ஹேடன்சாலைக்காரன்

மூவருக்கும் நன்றி. விற்பவர் அனுப்பிய படத்தில், புத்தம்புதிய உறையின்மேல் தேய்ந்த தோற்றத்தில் ஓர் எண் தெரிகிறது. முன்பணம் கொடுப்பதைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டேன். சங்கத்துக்கு அந்த எண்ணை இன்றிரவே எழுதுகிறோம்.