பாஞ்சு அடிக்கிற சேவலை அதுக்கும் வலிக்காம பிடிக்கிறது எப்படி?

எல்லாருக்கும் வணக்கம், ஒரு உதவி வேணும். எங்க சேவல் கிட்ட போனாலே கழுத்து முடிய சிலுப்பிக்கிட்டு ஒரு பக்க ரெக்கைய தொங்கவிட்டு சுத்தி வந்து காலால பாஞ்சு அடிக்குது, முள்ளு வேற நல்லா கூரா வளந்துருக்கு. இப்ப இடது கால ஊனாம நொண்டுறான், அடிப்பாதத்துல கருப்பா ஒரு பொருக்கு தெரியுது, சீழ் கட்டிருக்கும்னு நினைக்கிறேன், டாக்டர்கிட்ட கொண்டு போகணும்னா முதல்ல பிடிச்சாகணுமே.

பகல்ல துரத்தி பிடிக்க மனசு வரல, நொண்டுற கால வச்சுக்கிட்டு அது எவ்வளவு தூரம் ஓடும் பாவம். இருட்டுல கோழிக்கு கண்ணு சரியா தெரியாதுங்கறதால ராத்திரி அடைஞ்சப்புறம் பின்னாடி போய் ரெண்டு ரெக்கையையும் உடம்போட சேத்து அணைச்சு தூக்கலாம்னு இருக்கேன். நெஞ்ச இறுக்கக்கூடாதுன்னு தெரியும், நெஞ்செலும்பு அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சு விட முடியும், அதனால தலைகீழா தூக்குறதும் வேணாம்.

தூக்கினப்புறம்தான் சந்தேகமே. புண்ணு இருக்குற கால அமுக்காம ரெண்டு காலையும் ஒரே கையில எப்படி பிடிக்கிறது? தலைய துண்டால மூடினா அடங்குமா, இல்ல இன்னும் மிரளுமா? ஒரே ஆளால முடியுமா? முள்ளு நுனிய மட்டும் ராவி விடலாமா, உள்ள எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கறதால எனக்கு பயமா இருக்கு.

தயவுசெஞ்சு அறுத்துருன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, பருந்து நிழல் தெரிஞ்சா முதல்ல சத்தம் போட்டு கோழிகள ஒதுங்க வைக்கிறதே அவன்தான். கையால பிடிச்சு பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ்.