புது ஆர்பிஜி நூல் வாங்கும் ஆசையை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை நகர்த்தும் ஆட்டம்) ஆடுபவர்களிடம் ஒரு யோசனை வேண்டும்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தொடங்கி, கால் ஆஃப் கதுலு, டிராவலர் என்று இந்த ஆட்டங்களின் விதிநூல்களால் என் அலமாரி நிறைந்துகொண்டே போகிறது. எங்கள் குழு மாதம் ஒருமுறை கூடுவதே பெரிய விஷயம். ஒரு கதையை முடிக்கவே பல மாதம் ஆகிறது.

ஆடாத நூல் வீண் என்று நான் நினைக்கவில்லை. 1977-இல் வந்த முதல் டிராவலரில், பாத்திரத்தை உருவாக்கும்போதே, அதன் முந்தைய பணிக்காலத்துக்கான பகடை சரியாக விழாவிட்டால் அது இறந்துபோகும். இன்னொரு முறை ராணுவப் பணிக்குப் போகலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று யோசிக்க வைக்கும் அந்த விதியைப் படிப்பதே தனி சுகம்.

என்னை அதிகம் இழுப்பது பிடிஎஃப் தொகுப்புகள்தான். சில நாட்களுக்கு மட்டும் குறைந்த விலை என்றதும் மனம் பரபரக்கிறது. இத்தனைக்கும் அயர்ன்ஸ்வோர்ன் என்ற ஆட்டத்தின் விதிநூல் பிடிஎஃப் இலவசம், தனியாளாகவும் ஆடலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதித்தொகுப்பும் 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது.

வாங்கும் முன் நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்? ஒரே அமர்வில் முடியும் ஆட்டங்களுக்குப் பழைய குழுவை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? அப்புறம், ஆடாத நூல்களை யாராவது விற்றோ, நண்பர்களோடு மாற்றிக்கொண்டோ இருக்கிறீர்களா? அந்த அனுபவத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.