பத்து ரூபாய் லைட்டர்: உங்களுக்கு இந்த மாதிரி அனுபவம் உண்டா?

சாத்தூரான்77:
2022 மே மாதம். கோவில்பட்டியில் ஒரு டீக்கடை. அப்பா தீப்பெட்டி கேட்டார். கடைக்காரர், தூணில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த ரோஸ் கலர் லைட்டரைக் காட்டி, "தீப்பெட்டி இல்லண்ணே, அதுல பத்த வச்சுக்கோங்க" என்றார். தீப்பெட்டிக்கே பேர்போன கோவில்பட்டியில் தீப்பெட்டி இல்லையாம்! முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் ஃபாக்டரியை அப்படித்தான் சொல்வோம்) நடத்தியவர் அப்பா. சத்தம் போடப் போகிறார் என்று நினைத்தேன். லைட்டரை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்து, உள்ளே தண்ணீர் மாதிரி ஆடிய கேஸ் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார். "இது ஒண்ணு இருபது பெட்டிக்குச் சமம்" என்றார். அவ்வளவுதான். ஒரு ரூபாய்ப் பெட்டியை 14 வருடம் கழித்து, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆக்கியிருந்தார்கள். அவர் அப்படிப் பிடித்துப் பார்த்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மதுரை_மளிகை:
அந்தக் கடைக்காரர் மேல் தப்பில்லை. கேட்பதைத்தானே வைப்போம். என் கதை 2023இல். இறக்குமதி விலை 20 ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர் இனி வரக் கூடாது என்று ஜூன் மாதம் தடை வந்தது. கொஞ்ச நாளில், கடை கடையாகச் சரக்கு போடும் லைன் ஆள் அதே அட்டை, அதே லைட்டரோடு வந்து நிற்கிறார். "தடைன்னாங்களே?" என்றேன். "அண்ணாச்சி, இது நம்ம நாட்டுல மாட்டினது" என்றார். அட்டையில் புது ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் கீழே சீன எழுத்து. உதிரி பாகமாக இறக்கி இங்கே மாட்டுகிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை போட்டார்கள்.

துறைமுகத்தான்:
எல்லோரும் இறக்குமதியைத் திட்டுகிறீர்கள். நான் தூத்துக்குடியில் ஏற்றுமதிப் பேப்பர் பார்க்கிறவன். நம் தீப்பெட்டியும் கன்டெய்னர் கன்டெய்னராக ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. ஒரு தடவை சரக்கு தாமதமாகி, அங்கிருந்த வியாபாரி போனில் கத்தினார். கடைசியில் குரலை இறக்கி, "எங்க ஊர்லயும் ஒரு தீப்பெட்டி ஃபாக்டரி இருந்துச்சு, உங்க விலைக்கு அவங்களால குடுக்க முடியல" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. சாத்தூரான் அண்ணே, உங்கள் அப்பாவைச் சொல்லவில்லை. ஆனால் அவர்களும் நம் பெட்டிக்குத் தடை போட்டால் நாம் என்ன சொல்வோம்?

மதுரை_மளிகை:
அதுவும் இதுவும் ஒன்றா? நாம் அனுப்புவது பெரும்பாலும் பெண்கள் வேலை பார்க்கும் தொழிலில் இருந்து வருகிற சரக்கு.

துறைமுகத்தான்:
அந்த ஃபாக்டரியில் மட்டும் என்ன, யானையா வேலை பார்த்தது?

மெழுகுக்குச்சி:
என் அனுபவம் சின்னது. 2020 ஏப்ரலில் கைத் தீப்பெட்டிக்கும் மெஷின் தீப்பெட்டிக்கும் ஒரே ஜிஎஸ்டி, 12 சதவீதம் என்றார்கள். அதுவரை எங்களுக்கு 5, மெஷின்காரர்களுக்கு 18. என் பங்காளி அந்த வருடமே மூடிவிட்டான். லைட்டர் இல்லை, உள்ளூர் வரிதான் அவனை மூட வைத்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். சிவகாசிக்காரர்கள் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்தது 1922இல். அதே வருடம்தான் வெள்ளைக்கார அரசாங்கம் வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு குரோஸுக்கு (144 பெட்டி) ஒன்றரை ரூபாய் வரி போட்டது. நம் மேல் பாசத்தில் இல்லை, கஜானாவுக்காக. அந்த நிழலில்தான் இந்தத் தொழில் முளைத்தது. அதுவரை இங்கே தீப்பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த ஸ்வீடன்காரன் சும்மா இருந்தானா? வரியைத் தாண்ட இங்கேயே வந்து 1923இல் விம்கோ என்ற தீப்பெட்டிக் கம்பெனி தொடங்கி, பம்பாய் பக்கம் அம்பர்நாத்தில் ஃபாக்டரி போட்டான். இன்று லைட்டரைப் பாகமாகக் கொண்டுவந்து மாட்டுகிறவனும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் வருகிறான். என்ன, அவன் ஃபாக்டரி கட்டினான், இவன் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கிறான். அதனால் தடை கேட்பதோடு நிற்காதீர்கள். பாகத்தையும் இங்கே செய்ய வைக்கக் கேளுங்கள். சின்ன ஆபீஸ்காரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மெழுகும் பாஸ்பரஸும் மொத்தமாக வாங்குங்கள். தனியாக வாங்கினால் ஏறுகிற விலை முழுக்க உங்கள் தலையில்தான். சமையலறைக்கு என்று பெரிய பெட்டி போடுங்கள், ஊதுபத்திக்காரர்களோடு சேர்த்து விற்கலாம். சாத்தூரான் தம்பி, அப்பா ஆபீஸை மறுபடி திறக்கிறதாக இருந்தால் சொல்லுங்கள், மெஷின் ஆள் ஒருவரைத் தெரியும்.

சாத்தூரான்77:
அண்ணே, நான் யோசனை கேட்கவில்லை. ஆபீஸை விற்று மூன்று வருடம் ஆகிறது. இப்போது அந்த இடத்தில் கல்யாண மண்டபம். போன மாதம் அங்கே ஒரு கல்யாணம், குத்துவிளக்கு ஏற்றும்போது யாரிடமும் தீப்பெட்டி இல்லை. ஃபோட்டோகிராபர்தான் லைட்டர் கொடுத்தார்.

கணக்குப்பிள்ளை:
விலையை ஏற்றியபோது பெட்டிக்கு 50 குச்சி இருக்கும் என்று சொன்னார்களே, யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? இப்போது ஒரு பெட்டியைக் கொட்டி எண்ணினேன். 43. அதில் இரண்டுக்கு மருந்தே இல்லை.