வெளி எஸ்எஸ்டியில் உள்ள உபுண்டு டெஸ்க்டாப்பில் பூட் ஆகிறது, லேப்டாப்பில் ஆகவில்லை

கேள்வி:
யூஎஸ்பி கேஸில் போட்ட 2.5 அங்குல எஸ்எஸ்டியில் உபுண்டு இருக்கிறது. டெஸ்க்டாப்பில் வைத்து நிறுவியது, அங்கே சிக்கலே இல்லை. அதே டிரைவை லேப்டாப்பில் செருகி எஃப்12 அழுத்தினால், மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜர் மட்டும்தான் வருகிறது. அதே போர்ட்டில் உபுண்டு லைவ் பென் டிரைவ் ஒழுங்காக பூட் ஆகிறது. விண்டோஸுக்குள் போனால் எஸ்எஸ்டியும் தெரிகிறது. செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட பூட் மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு) அணைத்துப் பார்க்கலாமா?

பதில் 1:
வேண்டாம். பென் டிரைவ் பூட் ஆகிறது என்றாலே போர்ட், யூஎஸ்பி பூட் அனுமதி, செக்யூர் பூட் மூன்றின் மீதும் குற்றமில்லை. பிட்லாக்கர் (டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் வசதி) போட்ட விண்டோஸாக இருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்டு உட்கார்ந்துகொள்ளும். வீண் வம்பு.

உபுண்டு தன் பூட்லோடரை (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (பூட் கோப்புகளுக்கான தனிப் பகுதி) 'உபுண்டு' ஃபோல்டரில் வைத்துவிட்டு, அது இருக்கும் இடத்தை மதர்போர்டின் நினைவகத்தில் எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்பு டெஸ்க்டாப்பிலேயே தங்கிவிடும், டிரைவோடு வராது. முன்பின் தெரியாத டிரைவில் லேப்டாப் தேடுவது ஒரே ஒரு கோப்பை: 'இஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் 'பூட்' ஃபோல்டர், அதற்குள் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ. அது இல்லையென்றால் மெனுவில் பெயரே வராது.

லைவ் பென் டிரைவில் பூட் செய்து எஸ்எஸ்டியின் இஎஃப்ஐ பார்ட்டிஷனை மவுன்ட் செய்யுங்கள். 'உபுண்டு' ஃபோல்டரில் உள்ள ஷிம்எக்ஸ்64, கிரப்எக்ஸ்64, எம்எம்எக்ஸ்64 மூன்றையும் 'பூட்' ஃபோல்டருக்குள் நகலெடுத்து, ஷிம்எக்ஸ்64 நகலுக்கு மட்டும் பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ என்று பெயர் மாற்றுங்கள். பழைய 'உபுண்டு' ஃபோல்டரை அழிக்காதீர்கள். உபுண்டுவின் பூட்லோடரான கிரப் தன் கான்ஃபிக் கோப்பை அங்கேதான் தேடும்.

பதில் 2:
அதற்கு முன்னால், எஸ்எஸ்டியில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருக்கிறதா என்றே பாருங்கள். வெளி டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும், உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலர் பூட்லோடரை உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையை '-எஃப்' சேர்த்துக் கொடுத்தால் எஸ்எஸ்டிக்குக் கீழே ஒரு ஃபேட்32 பார்ட்டிஷன் தெரிய வேண்டும். இல்லையென்றால் பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெடில் இடம் ஒதுக்கி, 512 எம்பி ஃபேட்32 பார்ட்டிஷன் உருவாக்கி 'இஎஸ்பி' கொடி போடுங்கள். பிறகு சிஎச்ரூட் செய்து (லைவ் பென் டிரைவிலிருந்தே எஸ்எஸ்டியில் உள்ள உபுண்டுவுக்குள் நுழைந்து), 'ரிமூவபிள்' தெரிவோடு கிரப்-இன்ஸ்டால் ஓட்ட வேண்டும்.

பலர் மறப்பது எஃப்எஸ்டேப், அதாவது பூட் ஆகும்போது மவுன்ட் செய்ய வேண்டிய பார்ட்டிஷன்களின் பட்டியல். அதில் டெஸ்க்டாப் டிஸ்க்கின் யூயூஐடி (பார்ட்டிஷனின் தனி அடையாள எண்) இருந்தால், லேப்டாப் 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். புது பார்ட்டிஷனின் யூயூஐடியை எழுதுங்கள்.

கேட்டவர்:
இஎஃப்ஐ பார்ட்டிஷன் எஸ்எஸ்டியிலேயே இருந்தது, 'பூட்' ஃபோல்டர்தான் இல்லை. நகலெடுத்ததும் மெனுவில் வந்துவிட்டது. கிரப் திரையும் வருகிறது. உபுண்டுவைத் தேர்ந்தெடுத்தால் 'யூயூஐடி இல்லை' என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் பிராம்ப்ட்டில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் தற்காலிக அமைப்பின் கட்டளை வரி) நின்றுவிடுகிறது.

பதில் 3:
இது வேறு கோளாறு. கிரப் வரை டிரைவைப் படித்தது லேப்டாப்பின் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே உள்ள மென்பொருள்). அதன்பிறகு லினக்ஸ் கெர்னல் தன் சொந்த டிரைவரைக் கொண்டு யூஎஸ்பியைப் புதிதாகத் தொடங்கும். அந்தக் கைமாற்றத்தில் டிரைவ் காணாமல் போகிறது.

அந்த பிராம்ப்ட்டிலேயே பத்து நொடி விட்டு 'பிஎல்கேஐடி' கொடுங்கள். எஸ்எஸ்டி பட்டியலில் வந்துவிட்டால் அது தாமதமாக விழிக்கிறது, அவ்வளவுதான். 'எக்சிட்' கொடுத்தால் பூட் தொடரும். நிரந்தரமாக்க, கிரப் அமைப்பில் 'ரூட்டிலே=10' சேர்த்து அப்டேட்-கிரப் ஓட்டுங்கள்.

வரவே இல்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள், ஹப் இருந்தால் கழற்றுங்கள். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், 3.0 தருவது 900. எழுதும்போது சில எஸ்எஸ்டிகளுக்கு முதலாவது போதாது.

அதிலும் தீரவில்லை என்றால் சந்தேகம் கேஸில் உள்ள சிப் மீதுதான். யூஏஎஸ் முறையில் (யூஎஸ்பி டிரைவுகளுக்கான வேகமான தரவுப் பரிமாற்ற முறை) தடுமாறும் சிப்கள் நிறைய. டெஸ்க்டாப்பில் ஓடியது என்பது அதற்கு நற்சான்றிதழ் ஆகாது, கன்ட்ரோலர் மாறினால் நடத்தையும் மாறும். லைவ் பென் டிரைவில் 'எல்எஸ்யூஎஸ்பி' கொடுத்து கேஸின் அடையாள எண்ணை எடுங்கள்: நான்கு எழுத்து, முக்காற்புள்ளி, நான்கு எழுத்து. கிரப் திரையில் 'இ' அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ்=' என்று போட்டு, அந்த எண்ணையும் இன்னொரு முக்காற்புள்ளியையும் யூஏஎஸ்ஸை அணைக்கும் 'யூ' எழுத்தையும் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். வேகம் கொஞ்சம் குறையும். பூட் ஆனால் அதே வரியை கிரப் அமைப்பில் ஏற்றிவிடலாம்.