கலைச்சொல் தேவை: போர்க்காலத்தில் ஒரே வரைபடத்தில் கட்டிய கப்பல்கள்

அன்புடையீர்,

கப்பற்பொறியியல் பாடநூலின் மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஒரே வரைபடத்தைக் கொண்டு நூற்றுக்கணக்கில் கட்டப்பட்ட கப்பல்களுக்குப் பொதுப்பெயராகப் 'போர்க்காலச் செந்தரச் சரக்குக்கப்பல்' (செந்தரம்: standard) என்று எழுதியுள்ளேன். லிபர்ட்டி, விக்டரி என்னும் வகைப்பெயர்கள் ஒலிபெயர்ப்பாகவே நிற்கும். இதனினும் சுருங்கிய சொல் உண்டா?

*

'செந்தரம்' பொருந்தாது. செந்தமிழ், செங்கோல், செந்நெறி என எங்கு வரினும் செம்மை சிறப்பையே சுட்டும். லிபர்ட்டியோ விரைந்து கட்டுவதற்கென்றே வரையப்பட்டது. நீராவிச் சுழலிகள் போர்க்கப்பல்களுக்கே போதாதிருந்தமையால், பல பட்டறைகளும் செய்யத்தக்க பழைய மும்முறை விரிவுப் பொறியை (நீராவியை மூன்று கட்டங்களில் விரியவிட்டு இயங்குவது) அதில் வைத்தார்கள். வேகம் மணிக்கு 11 கடல் மைல்தான். பகுதிகளைத் தனித்தனியே செய்து கப்பல்கட்டும் தளத்தில் பற்றவைத்ததால், 1941 முதல் 1945 வரை அமெரிக்கா 2,710 கலங்களை இறக்க முடிந்தது. 1942 நவம்பரில் கலிபோர்னியாவின் ரிச்மண்ட் தளத்தில் 'ராபர்ட் இ. பியரி' என்னும் லிபர்ட்டி, ஏராக்கட்டை (கப்பலின் அடிமரம்) இட்ட ஐந்தாம் நாளே நீரைத் தொட்டது. இவற்றை 'ஓரச்சுக் கப்பல்' என்பதே தகும். கப்பலைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'வங்கம்' வேண்டுமென்று இன்னொரு நண்பர் தனிமடலில் வற்புறுத்துகிறார். அகநானூற்றின் 'உருகெழு வங்கம்' எனக்கும் உவப்பானதே. மாணவர் வங்காளத்தில் கரையேறிவிடுவர்.

*

உலகப்போர் பற்றிய பாடத்தில் 'அச்சு' என்றால் செருமனி, இத்தாலி, சப்பான் என்னும் அச்சு நாடுகளே நினைவுக்கு வரும். அவற்றை எதிர்த்துக் கட்டிய கப்பலுக்கு அப்பெயரா? மேலும் பொறியியலார் அதை ஒற்றை உந்துதண்டு என்று கொள்வர். லிபர்ட்டிக்கு இருந்ததும் ஒன்றே ஆதலால் அப்பிழை எளிதில் பிடிபடவும் செய்யாது.

'சரக்கு' என்பதையும் நீக்குக. விக்டரியின் உடல்வடிவைக் கொண்டே ஹாஸ்கெல் வகுப்புத் துருப்புக் கப்பல்களை அமெரிக்கக் கடற்படைக்குக் கட்டினார்கள். சி3 வகைச் சரக்குக் கப்பலின் உடலில் பறப்புத்தளம் அமைத்து, வழித்துணை வானூர்தித் தாங்கிகளும் ஆக்கினார்கள். 'சீர்தரக் கலம்' (சீர்தரமும் standard என்பதே) என்றால் இரண்டும் அடங்கும்.

*

நன்றி. பெரும்பாலோர் ஒப்பியதால் 'போர்க்காலச் சீர்தரக் கலம்' என்றே அனுப்புகிறேன்.

*

அனுப்புங்கள். ஆயினும் சதுரமாக வெட்டிய சரக்கறை வாயின் மூலையில் தொடங்கும் விரிசல், குளிரில் நொறுங்கும் எஃகினூடே ஓடி, சில லிபர்ட்டிகளை இரண்டாகப் பிளந்தது. அவற்றுக்குச் 'சீர்' என்னும் அடையை நான் ஒப்பவில்லை.